ஆனியன் தளம் சீக்கிரம் திறக்க என்ன செய்யலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு சாயங்காலம் லாஸ்பேட்டையில் ஒரு மாடி அறையில் கூடுகிறோம். கடலூரிலிருந்து மூன்று பேர் பஸ் ஏறி வருவார்கள், மற்றவர்கள் புதுச்சேரிக்காரர்கள். பெயர் வெளியே தெரியாமல் புகார் எழுதவும் தகவல் படிக்கவும் உதவுகிற சின்னச் சின்ன ஆனியன் தளங்களை நடத்துகிறவர்கள். "ரொம்ப மெதுவா இருக்கு" என்பதில் ஆரம்பித்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருவதால், கேட்டவர்கள் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளை வைத்துப் பதில்களை ஒரே இடத்தில் எழுதிவிட்டேன். மேலிருந்து கீழாகப் படியுங்கள், முன்னால் சொன்னதைப் பின்னால் மறுபடி விளக்கவில்லை.

ஆனியன் தளம்னா என்ன சார்? சாதாரண வெப்சைட்டுக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

யார் எங்கே போகிறார் என்று தெரியாதபடி தகவலைப் பல கணினிகள் வழியாகச் சுற்றி அனுப்புகிற டார் வலைப்பின்னலுக்குள் மட்டும், டார் பிரௌசரில் திறக்கிற தளம். முகவரி 56 எழுத்து நீளத்தில் இருக்கும், கடைசியில் புள்ளி போட்டு ஆனியன் என்று முடியும். பழைய 16 எழுத்து முகவரிகள் 2021-ஓடு வேலை செய்யாமல் போயின, பழைய நோட்டில் எங்காவது பார்த்தால் அதைத் தட்டிக்கொண்டு உட்கார வேண்டாம். சாதாரணத் தளத்தில் படிக்கிறவரின் ஐபி முகவரி தளத்துக்குத் தெரியும், அவர் எந்தத் தளத்துக்குப் போனார் என்பது அவருக்கு நெட் தருகிற கம்பெனிக்குத் தெரியும். ஆனியன் தளத்தில் படிக்கிறவர் யார் என்று தளத்துக்குத் தெரியாது, தளம் எந்த ஊரில் எந்த சர்வரில் இருக்கிறது என்று படிக்கிறவருக்கும் தெரியாது.

வெங்காயத் தோல் மாதிரி அடுக்கடுக்காகக் குறியாக்கம் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மாற்றி) அனுப்புகிற இந்த யோசனை 1990களின் நடுவில் அமெரிக்கக் கடற்படை ஆராய்ச்சிக்கூடத்தில் பிறந்தது. அதை வளர்க்கிற டார் புராஜெக்ட் என்ற லாப நோக்கமில்லாத அமைப்பு 2006-இல் தொடங்கியது. பத்திரிகைகளுக்கு ரகசியமாக ஆவணம் அனுப்பப் பயன்படும் செக்யூர்டிராப் ஓடுவதும் ஆனியன் தளங்களாகத்தான்.

வீட்டு நெட் நல்லா ஸ்பீடாத்தான் இருக்கு, வீடியோ எல்லாம் ஓடுது. இது மட்டும் ஏன் இழுக்குது?

கடலூரிலிருந்து புதுச்சேரிக்கு நேராகப் போனால் 25 கிலோமீட்டருக்குள்தான். பண்ருட்டி, விழுப்புரம், திண்டிவனம் என்று சுற்றிப் போனால் எவ்வளவு நல்ல பஸ்ஸாக இருந்தாலும் அரை நாள் போய்விடும். ஆனியன் தளத்தில் ஒவ்வொரு கோரிக்கையும் இப்படிச் சுற்றித்தான் போகிறது. உங்கள் பக்கம் மூன்று ரிலே (தகவலை வாங்கி அடுத்ததற்குத் தள்ளிவிடும் கணினி), தளத்தின் பக்கம் மூன்று ரிலே, ஆகக் குறைந்தது ஆறு கணினிகளைத் தொட்டுவிட்டுத்தான் செய்தி போகும், பதிலும் அதே வழியில் திரும்பும். ரிலேக்களைத் தன்னார்வலர்கள் நடத்துகிறார்கள், நிறைய ரிலேக்கள் ஜெர்மனி, நெதர்லாந்து, அமெரிக்கா, பிரான்ஸ் என்று தூரத்தில் இருக்கின்றன. கண்ணாடி இழையில் ஒளி வினாடிக்கு ஏறக்குறைய 2,00,000 கிலோமீட்டர் ஓடும். அதுவே கண்டம் தாண்டித் தாண்டிப் போனால் ஒரு சுற்றுக்கு அரை வினாடி, ஒரு வினாடி என்று ஆகிவிடும்.

இங்கே நேரத்தை ஆளுவது உங்கள் நெட் எவ்வளவு அகலம் என்பதை விட, எத்தனை முறை போய் வர வேண்டியிருக்கிறது என்பதுதான். 200 எம்பிபிஎஸ் இணைப்பு வைத்திருப்பவருக்கும் சுற்று நேரம் அதேதான். கீழே வரும் பதில்களில் முக்கால்வாசி இந்த ஒன்றிலிருந்து கிளைத்தவை: போய் வரும் எண்ணிக்கையைக் குறையுங்கள்.

அப்ப நடுவுல இருக்கற ரிலேவ கொறச்சுட்டா? இல்ல சிங்கப்பூர் மாதிரி பக்கத்து ரிலேவா பார்த்து வெச்சுக்கிட்டா?

வேண்டாம். இதை நான் கெஞ்சியே கேட்டுக்கொள்கிறேன். முதல் ரிலேவுக்கு நீங்கள் யார் என்று தெரியும், போகும் இடம் தெரியாது. டார் வழியாகச் சாதாரணத் தளத்துக்குப் போனால் கடைசி ரிலேவுக்குப் போகும் இடம் தெரியும், நீங்கள் யார் என்று தெரியாது. இந்த இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காமல் இருக்கத்தான் நடுவில் ஒன்று இருக்கிறது. அதை எடுத்துவிட்டால், அல்லது நாலைந்து பக்கத்து ரிலேக்களை மட்டும் கையால் பொறுக்கி வைத்தால், கண்காணிக்கிறவர் பார்க்க வேண்டிய இடம் சுருங்கிவிடும். போதாததற்கு, இப்படி விசித்திரமாகப் பாதை போடுகிறவர் ஊரிலேயே நீங்கள் ஒருவர்தான் என்பது தனி அடையாளமாகிவிடும். எல்லாரும் ஒரே மாதிரி போவதால்தான் யார் போனது என்று தெரியாமல் இருக்கிறது.

இரண்டு வினாடி மிச்சமாகிறது என்பதற்காக, நம்மை நம்பிப் புகார் எழுதுகிற ஒருத்தரைக் காட்டிக்கொடுக்கும் வேலையைச் செய்யக் கூடாது. சர்வர் பக்கம் மட்டும் ரிலேவைக் குறைக்க ஒரு நியாயமான வழி உண்டு, அதற்குத் தனிக் கேள்வி கீழே வருகிறது.

முதல் தடவ தொறக்க இருபது முப்பது செகண்ட், அப்புறம் உள்ள போனா பரவால்ல. ஏன் அப்படி?

முதல் தடவை நடப்பது ஒரு சம்பந்தம் பேசுகிற மாதிரி. உங்கள் பிரௌசர் முதலில் அந்த முகவரியின் விவரச்சீட்டு எந்த ரிலேவில் இருக்கிறது என்று கணக்குப் போட்டு, அங்கே போய் வாங்கி வருகிறது. அதில் 'என்னைப் பார்க்க இந்த அறிமுக ரிலேக்களிடம் சொல்லுங்கள்' என்று தளம் எழுதி வைத்திருக்கும். பிரௌசர் நடுவில் ஒரு சந்திப்பு ரிலேவைத் தேர்ந்தெடுத்து அங்கே பாதை போட்டுவிட்டு, அறிமுக ரிலேவுக்கு இன்னொரு பாதை போட்டு 'இந்த இடத்துக்கு வாருங்கள்' என்று சீட்டு கொடுக்கும். தளம் தன் பக்கத்திலிருந்து அங்கே பாதை போட்டு வந்து சேர வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகுதான் உங்கள் பக்கத்தின் முதல் எழுத்து கிளம்பும். அடுத்தடுத்த பக்கங்களுக்கு அதே பாதை இருப்பதால் இந்தச் சடங்கு இல்லை.

இதில் நம் கையில் இருப்பது கொஞ்சம்தான், ஆனால் அதையும் பலர் கோட்டை விடுகிறார்கள். சர்வரில் டாரைச் சும்மா சும்மா நிறுத்தி மறுபடி கிளப்ப வேண்டாம், ஒவ்வொரு முறையும் அறிமுக ரிலேக்களைப் புதிதாக ஏற்பாடு செய்து விவரச்சீட்டை மறுபடி வெளியிட வேண்டியிருக்கும். சர்வரின் கடிகாரம் சரியாக இருக்கட்டும், நேரம் பெரிதாகப் பிசகினால் சீட்டுக் கணக்கே தப்பும். படங்களுக்கு ஒரு ஆனியன் முகவரி, பக்கத்துக்கு ஒரு ஆனியன் முகவரி என்று பிரித்து வைக்காதீர்கள், ஒவ்வொரு முகவரிக்கும் இந்தச் சடங்கு முழுவதும் தனியாக நடக்கும். முகப்பிலிருந்து தமிழ்ப் பக்கத்துக்கு, அங்கிருந்து உள்நுழைவுக்கு என்று ஆளைத் தானாகத் திருப்பிவிடுகிற ரீடைரக்டுகளையும் எடுத்துவிடுங்கள், ஒவ்வொன்றும் ஒரு முழுச் சுற்று.

சர்வர்ல டார் அப்டேட் பண்ணாம அப்படியே ஓடுது, பரவால்லயா?

பரவாயில்லை என்று சொல்லவே முடியாது, பாதுகாப்புக்காகவும் வேகத்துக்காகவும். முன்பெல்லாம் ஒரு பாதையில் பதில் ரசீது வராமல் 1000 பொட்டலங்களுக்கு மேல் அனுப்பக் கூடாது என்று நிலையான வரம்பு இருந்தது. பொட்டலம் என்பது டார் தகவலை வெட்டி அனுப்பும் சின்னத் துண்டு, ஒன்றில் சரக்கு ஏறக்குறைய 500 பைட். அப்படியானால் பாதை எவ்வளவு காலியாகக் கிடந்தாலும் ஒரு சுற்றுக்கு அரை எம்பிதான். 2022-இல் வந்த 0.4.7 பதிப்பிலிருந்து பாதையின் நெரிசலைப் பார்த்து வரம்பு தானாக ஏறி இறங்குகிறது. இரண்டு முனையிலும் புதிய டார் இருந்தால்தான் இது வேலை செய்யும். படிக்கிறவரின் டார் பிரௌசர் தானாகவே புதுப்பித்துக்கொள்ளும், பின்தங்கி நிற்பது பெரும்பாலும் நம் சர்வர்தான்.

எங்க பக்கத்துல எது கனமா இருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

டார் பிரௌசரில் உங்கள் தளத்தைத் திறந்து எஃப்12 அழுத்தினால் கீழே ஒரு பலகை வரும். அதில் நெட்வொர்க் என்ற பகுதிக்குப் போய்ப் பக்கத்தை மறுபடி ஏற்றுங்கள். பட்டியலில் எத்தனை வரி ஓடுகிறதோ அத்தனை கோரிக்கை. போன வருஷம் கடலூர்ப் பையன் ஒருவனின் தளத்தைத் திறந்து பார்த்தோம். ஒரே ஒரு புகார் படிவம் உள்ள பக்கம், 47 வரி ஓடியது. ஆயத்த வடிவம் ஒன்றை இறக்கிப் போட்டிருந்தான், அதில் யாரும் அழுத்தாத ஸ்லைடருக்கு நான்கு கோப்பு, ஐகான்களுக்கு ஒரு முழு எழுத்துரு, காட்டவே காட்டாத வரைபடத்துக்கு ஒன்று. ஒவ்வொரு வரியாகக் கேட்டோம்: இது இல்லாவிட்டால் புகார் எழுத முடியாதா? கடைசியில் 5 வரி நின்றது. பக்கம் பார்க்கவும் முன்பை விடத் தெளிவாக இருந்தது.

அளக்கும்போது ஒரே ஒரு தடவை பார்த்து முடிவு கட்டாதீர்கள், பாதைக்குப் பாதை நேரம் மாறும். கட்டளை எழுதிப் பக்கத்தை இறக்கும் கர்ல் கருவியை டாரின் 9050 போர்ட் வழியாக ஓட்டி, முதல் பைட் வந்த நேரத்தை ஏழெட்டு முறை குறித்து, நடுவில் இருக்கும் எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, சாதாரண பிரௌசரில் ஆனியன் தளத்தைத் திறந்து காட்டுகிறோம் என்று சொல்லும் இடைவழித் தளங்களில் கொடுத்துச் சோதிக்க வேண்டாம். நடுவில் இருக்கிறவர் எல்லாவற்றையும் பார்ப்பார்.

போட்டோ போட்டாத்தானே சார் நம்புவாங்க? படம் இல்லாம எப்படி?

படம் வேண்டும்தான். போனில் எடுத்ததை அப்படியே போடுவதுதான் தப்பு. ஆற்றில் நுரை மிதக்கிற ஒரு படம் எங்களிடம் வந்தது, 4 எம்பி. டார் அதை 8000-க்கும் மேற்பட்ட பொட்டலங்களாக வெட்டி ஆறு ரிலே வழியாகக் கொண்டுபோக வேண்டும். அகலத்தை 1000 பிக்சலாகக் குறைத்து வெப்பி (WebP) என்ற பட வடிவத்தில் சேமித்தோம், 80 கேபி வந்தது, அதாவது 165 பொட்டலம். போன் திரையில் பார்க்கிறவருக்கு நுரை அதே நுரைதான்.

அளவு மட்டும் இல்லை. அந்தப் படத்தை மாற்றுவதற்கு முன், உள்ளே பதிந்த விவரங்களைக் காட்டும் எக்சிஃப்டூல் கருவியில் திறந்து பார்த்தபோது போன் மாடல், எடுத்த தேதி, வினாடி வரை நேரம், நின்ற இடத்தின் அட்சரேகை தீர்க்கரேகை எல்லாம் உள்ளேயே இருந்தன. எடுத்தவர் நின்றது அவர் வீட்டு மாடி. இதைப் பார்த்த பிறகு அன்றைக்கு அந்த அறையில் யாரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. அதனால் எந்தப் படமாக இருந்தாலும் மேட்2 அல்லது எக்சிஃப்டூல் கொண்டு உள்விவரங்களைத் துடைத்து, சிறிதாக்கி, அப்புறம் போடுங்கள். அகல உயரத்தைப் பக்கத்தின் குறிமுறையிலேயே எழுதிவிட்டால் படம் வருவதற்கு முன்பே இடம் ஒதுங்கிவிடும், படித்துக்கொண்டிருக்கும் வரி குதிக்காது.

தமிழ் சரியாத் தெரியணும்னா ஃபான்ட் ஏத்தணும்ல?

ஏற்ற வேண்டியதில்லை. டார் பிரௌசரோடு சேர்ந்து வருகிற எழுத்துருக்கள், படிக்கிறவரின் போனிலோ கணினியிலோ ஏற்கெனவே இருக்கிறவை, இரண்டில் ஒன்றில் தமிழ் பெரும்பாலும் இருக்கும். நீங்கள் அழகுக்காக அனுப்பும் தமிழ் எழுத்துரு ஒவ்வொன்றும் கூடுதல் கோரிக்கை, தடித்த வடிவத்துக்கு இன்னொன்று. எழுத்துரு வந்து சேரும் வரை சிலருக்கு எழுத்தே தெரியாமல் வெறும் வெள்ளையாக நிற்கும். ஏற்கெனவே இருப்பதே போதும்.

கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் எழுத்து கனம்தான். ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். 'கடலூர்' என்பது கண்ணுக்கு நாலு எழுத்து, உள்ளே ஆறு குறியீடு, 18 பைட். 'புதுச்சேரி' 30 பைட். ஆனால் திரும்பத் திரும்ப வரும் ஒரே மாதிரி பைட்டுகள் என்பதால் ஜிசிப் என்ற சுருக்கும் முறையைப் போட்டால் தமிழ்ப் பக்கம் நன்றாகவே சுருங்கும். டார் தானாக உங்கள் பக்கத்தைச் சுருக்கித் தராது, சர்வரில் நீங்கள்தான் இயக்க வேண்டும்.

ஜிசிப் போட்டா பாதுகாப்பு போயிடும்னு படிச்சேனே?

நீங்கள் படித்தது 2013-இல் வெளிவந்த பிரீச் தாக்குதலைப் பற்றி இருக்கும். ஒரே பக்கத்தில் ரகசியமும் (உள்நுழைந்தவரை அடையாளம் காட்டும் டோக்கன் மாதிரி) வெளியாள் தட்டிய எழுத்தும் சேர்ந்து சுருங்கினால், சுருங்கிய அளவைப் பார்த்துப் பார்த்து ரகசியத்தை எழுத்தெழுத்தாக ஊகிக்க முடியும். எல்லாருக்கும் ஒரே மாதிரி போகிற கட்டுரை, ஸ்டைல் கோப்பு இவற்றுக்கு அந்தப் பயம் இல்லை, தைரியமாகச் சுருக்குங்கள். உள்நுழைந்த பிறகு வரும் பக்கங்களுக்கு மட்டும் ஜிசிப்பை நிறுத்திவிடுங்கள்.

ஜாவாஸ்கிரிப்ட் இல்லாம இந்தக் காலத்துல தளம் நடத்த முடியுமா?

முடியும், நடத்த வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்பது பக்கத்தோடு வந்து படிக்கிறவரின் பிரௌசரில் ஓடும் நிரல். ரொம்பவும் பயந்து வருகிறவர்கள் டார் பிரௌசரின் பாதுகாப்பை உச்ச நிலையில் வைத்திருப்பார்கள். அங்கே ஜாவாஸ்கிரிப்ட் எதுவும் ஓடாது, எஸ்விஜி ஐகான்கள்கூட வராது. யாருக்காக இந்தத் தளத்தைக் கட்டினோமோ அவர்களுக்குத்தான் பக்கம் உடைந்து தெரியும். படிவம், இணைப்பு, விரித்து மடக்கும் பெட்டி எல்லாம் வெறும் எச்டிஎம்எல்லிலேயே உண்டு.

இதில் பலர் மாட்டுகிற இடம் ஒன்று. கீழே உருட்டும்போது மட்டும் படத்தை ஏற்று என்று சொல்கிற லேசி லோடிங் வசதி ஃபயர்பாக்ஸ் குடும்பத்தில் (டார் பிரௌசரும் அதில் ஒன்று) ஜாவாஸ்கிரிப்ட் அணைந்திருந்தால் வேலை செய்யாது, ஆள் எவ்வளவு உருட்டினார் என்று உளவு பார்க்க முடியாதபடி வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள். 40 படம் உள்ள பக்கத்தை அதை நம்பிப் போட்டால் 40-ம் ஒரே மூச்சில் இறங்கும். பக்கத்துக்கு ஐந்தாறு படம் வைத்து 'அடுத்து' என்று ஒரு இணைப்பு கொடுங்கள்.

எல்லாரும் சிடிஎன் போட்டா வேகம் வரும்னு சொல்றாங்களே?

சிடிஎன் என்பது உங்கள் கோப்புகளின் நகலைப் படிக்கிறவருக்குப் பக்கத்தில் வைத்துக் கொடுக்கிற வெளிக் கம்பெனி. சாதாரணத் தளத்துக்கு அது சரி. ஆனியன் பக்கத்திலிருந்து வெளியே ஒரு கோப்பைக் கூப்பிட்டால், பிரௌசர் அதற்கென்று, டாரிலிருந்து வெளி இணையத்துக்கு வெளியேறும் ரிலே உள்ள தனிப் பாதை போட வேண்டும், வேகம் குறையத்தான் செய்யும். அதோடு உங்கள் பக்கத்தை யாரோ இந்த நிமிஷம் படிக்கிறார்கள் என்று மூன்றாவது கம்பெனிக்குத் தகவலும் போகிறது. எழுத்துரு, ஸ்கிரிப்ட், எண்ணிக்கை காட்டும் கருவி, வரைபடம் எதுவும் வெளியிலிருந்து வரக் கூடாது. எல்லாம் உங்கள் சர்வரிலேயே இருக்கட்டும்.

பிரௌசர் கேச் டார்ல வேலையே செய்யாதாமே?

பாதி உண்மை. கேச் என்பது ஒரு முறை இறக்கியதைப் பிரௌசர் எடுத்து வைத்துக்கொள்வது. டார் பிரௌசர் டிஸ்கில் எதையும் வைக்காது, மூடினால் எல்லாம் போய்விடும். ஆனால் திறந்திருக்கும் வரை நினைவகத்தில் வைத்திருக்கும். அதனால் ஸ்டைல் கோப்பும் சின்னமும் முதல் பக்கத்தில் ஒரு தடவை வந்தால் போதும் என்று சர்வரில் நீண்ட கேச் காலம் கொடுங்கள். கோப்பு மாறினால் பெயரையே மாற்றிவிடுங்கள், அப்போது 'மாறிவிட்டதா?' என்று கேட்க ஒரு சுற்றுப் போக வேண்டாம். கோப்பு மாறியதா என்று பார்க்க சர்வர் ஒட்டி அனுப்பும் ஈடேக் என்ற குறி வேண்டாம், ஒவ்வொரு ஆளுக்கும் தனி ஈடேக் கொடுத்து அடையாளம் வைக்க முடியும் என்பதால் அது இல்லாத தளமே நல்லது. ஸ்டைல் ரொம்பச் சின்னது, நாலைந்து கேபிதான் என்றால் தனிக் கோப்பே வேண்டாம், பக்கத்துக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

எச்டிடிபி/3 போட்டா பறக்கும்னு சொன்னாங்க. நம்மளும் போடலாமா?

முடியாது. எச்டிடிபி என்பது பிரௌசரும் சர்வரும் பேசிக்கொள்ளும் முறை, 3 என்பது அதன் பதிப்பு. அது யுடிபி என்ற அனுப்பும் முறை மேல் ஓடுகிறது, டார் டிசிபி என்ற வேறு முறையை மட்டும்தான் சுமக்கும். எச்டிடிபி/2 முடியும், ஆனால் பிரௌசர்கள் அதை டிஎல்எஸ் சான்றிதழ் (https தளங்கள் வைத்திருக்கும் சான்று) இருந்தால்தான் பேசும். 2020-இல்தான் சாதாரண வகைச் சான்றிதழும் 56 எழுத்து ஆனியன் முகவரிக்குத் தரலாம் என்று விதி மாறியது, கிரீஸ் நாட்டுச் சான்றிதழ் அமைப்பான ஹரிகா தருகிறது. ஒன்று மட்டும் யோசியுங்கள்: கொடுக்கப்படும் சான்றிதழ்கள் பொதுப் பதிவேட்டில் ஏறும். நாலு பேருக்கு மட்டும் தெரிய வேண்டிய முகவரி என்றால் அதோடு ஊருக்கே தெரிந்துவிடும்.

சான்றிதழ் இல்லாவிட்டாலும் ஆனியன் இணைப்பு முனையிலிருந்து முனை வரை குறியாக்கம் ஆகித்தான் போகிறது. எச்டிடிபி/1.1-இல் பிரௌசர் ஒரு தளத்துக்கு ஒரே நேரத்தில் 6 இணைப்பு வரைதான் திறக்கும், மேலே சொன்ன 47 கோரிக்கைத் தளம் வரிசையில் நின்றது அதனால்தான். உங்களிடம் கோரிக்கை ஐந்துதான் என்றால் எச்டிடிபி/2 இல்லாததை நீங்கள் உணரவே மாட்டீர்கள். திறந்த இணைப்பையே அடுத்தடுத்த கோரிக்கைகளுக்கும் பயன்படுத்துகிற கீப்-அலைவ் வசதியை மட்டும் அணைக்காமல் வையுங்கள்.

பெரிய சர்வர் வாடகைக்கு எடுத்தா சரியாயிடுமா?

பெரும்பாலும் பணம்தான் போகும். காத்திருக்கும் நேரம் ரிலே பாதையில் இருக்கிறது. பக்கங்களை முன்கூட்டியே எச்டிஎம்எல் கோப்புகளாகச் செய்து வைத்துவிட்டால் சின்ன சர்வரே தாராளம், ஒவ்வொரு தடவையும் டேட்டாபேஸைக் கேட்டுப் பக்கம் தயாரிக்கிற வேலை மிச்சம், தாக்குகிறவருக்கு ஓட்டையும் குறைவு. வெப் சர்வரையும் டாரையும் யுனிக்ஸ் சாக்கெட் (ஒரே கணினிக்குள் இரண்டு நிரல்கள் பேசும் வழி) மூலம் இணையுங்கள், தவறிப்போய் வெளி இணையத்துக்கு அது திறந்து கிடக்கிற ஆபத்தும் அதோடு போகும்.

வேகத்தைக் கண்காணிக்கிறேன் என்று அப்பாச்சி என்ற வெப் சர்வரின் சர்வர்-ஸ்டேட்டஸ் பக்கத்தைத் திறந்து வைக்காதீர்கள். 'உள்ளூரிலிருந்து வந்தால் மட்டும் காட்டு' என்று அதற்கு அமைப்பு இருக்கும். ஆனால் டார் வழியாக வருகிற எல்லாரும் அப்பாச்சிக்கு உள்ளூர்க்காரராகத்தான் தெரிவார்கள், 127.0.0.1 என்று. யார் எந்தப் பக்கத்தைக் கேட்கிறார் என்பது உலகத்துக்கே திறந்து கிடக்கும்.

சர்வர் பக்கம் ரிலே கொறைக்க வழி இருக்குன்னு சொன்னீங்களே, அது என்ன?

ஒற்றைத் தாவல் ஆனியன் சேவை. தளம் தன் பக்கத்து மூன்று ரிலேவையும் விட்டுவிட்டு நேராகச் சந்திப்பு ரிலேவுக்கே வந்துவிடும். படிக்கிறவரின் மூன்று ரிலே அப்படியே இருக்கும், அவர் மறைவு குறையாது. ஆனால் சர்வர் எங்கே இருக்கிறது என்பது மறைந்திருக்காது. யார் நடத்துகிறார்கள் என்பது ஏற்கெனவே ஊரறிந்த தளங்களுக்கு இது பொருத்தம். 2014-இல் ஆனியன் முகவரி தொடங்கிய ஃபேஸ்புக் மாதிரி இடங்களுக்குத் தங்கள் சர்வரை ஒளிக்க வேண்டிய தேவையே இல்லை.

சங்கத்தின் பெயரும் அலுவலக விலாசமும் போட்ட தளம் என்றால் செய்யலாம். நடத்துகிறவரும் ஒளிந்திருக்க வேண்டிய தளம் என்றால் கனவிலும் வேண்டாம். இதுவரை ஒளிந்திருந்த முகவரியை இந்த முறைக்கு மாற்றாதீர்கள், புது முகவரி எடுத்துத் தனி டாரில் ஓட்டுங்கள்.

திடீர்னு ஒரு நாள் தளம் தொறக்கவே மாட்டேங்குது. யாரோ அடிக்கிறாங்களா?

இருக்கலாம். அறிமுக ரிலேக்கள் வழியாக ஆயிரக்கணக்கில் பொய்க் கோரிக்கை அனுப்பி சர்வரைத் திணறடிப்பது சுலபம், ஐபி தெரியாததால் தடுக்கவும் வழி இல்லாமல் இருந்தது. 2023-இல் வந்த 0.4.8 பதிப்பிலிருந்து வேலைச் சான்று என்ற தற்காப்பு இருக்கிறது. கூட்டம் மிஞ்சினால் வருகிறவரின் டார் ஒரு சின்னக் கணக்குப் புதிரைப் போட்டுக் காட்ட வேண்டும், பெரிய புதிர் போட்டவருக்கு முன்னுரிமை. சாதாரண நாளில் புதிர் இல்லை. ஜாவாஸ்கிரிப்டும் தேவையில்லை, டாரே போட்டுவிடும். ஒருத்தருக்கு ஒரு புதிர் சுமையில்லை, ஆயிரம் பொய் அனுப்புகிறவருக்கு ஆயிரம் புதிர். இது தானாக இயங்காது, அமைப்புக் கோப்பில் நீங்கள்தான் இயக்க வேண்டும். உண்மையான கூட்டமே அதிகம் என்றால் ஆனியன்பேலன்ஸ் கொண்டு ஒரே முகவரியைப் பல சர்வர்களுக்குப் பங்கு போடலாம், நம் அளவுக்கு இதுவரை தேவைப்படவில்லை.

படிக்கிறவங்க பக்கம் என்ன செய்யச் சொல்லலாம்?

ரொம்ப இழுத்தால் முகவரிப் பட்டை பக்கத்தில் இருக்கும் 'இந்தத் தளத்துக்குப் புதிய சர்க்யூட்' என்பதை அழுத்தச் சொல்லுங்கள், சில நேரம் வேகமான பாதை அமையும். 'புதிய அடையாளம்' என்பது வேறு, அது கேச் உட்பட எல்லாவற்றையும் துடைத்துவிடும். பிரிட்ஜ்கள் என்பவை டாருக்குள் நுழைய உதவும் மறைவான வழிகள், டார் தடுக்கப்பட்ட இடங்களுக்கானவை. அவற்றில் ஸ்னோஃப்ளேக் தன்னார்வலர்களின் பிரௌசர் வழியாகச் சுற்றுவதால் இன்னும் மெதுவாகும். புதுச்சேரியிலும் கடலூரிலும் நாங்கள் சோதித்த இணைப்புகளில் பிரிட்ஜ் இல்லாமலே டார் திறந்தது. ஆனால் தான் டார் பயன்படுத்துவதே யாருக்கும் தெரியக் கூடாது என்று நினைப்பவர் பிரிட்ஜ் வைத்திருந்தால் அதை எடுக்கச் சொல்லாதீர்கள்.

சிக்னல் மெலிந்த நாளையும் கணக்கில் வையுங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெங்கல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்த பிறகு எங்கள் தெருவில் போனில் ஒரு கோடு சிக்னல் வந்து வந்து போனது. 30 கேபிக்குள் கட்டிய பக்கம் அப்போதும் திறந்தது, படங்கள் நிறைந்த பக்கம் பாதியில் நின்றது.

பக்கம் சின்னதா இருந்தா எந்தப் பக்கம் படிக்கிறாங்கன்னு கண்டுபிடிக்கிறது சுலபமாமே?

நல்ல கேள்வி, இதைக் கேட்டவர் பதினொன்றாம் வகுப்புப் பெண். குறியாக்கம் ஆகியிருந்தாலும் எவ்வளவு பொட்டலம், எந்தத் தாளத்தில் வந்தது என்பதைப் படிப்பவரின் நெட் கம்பெனி பார்க்க முடியும். ஒவ்வொரு பக்கமும் தனக்கென்று ஒரு அளவோடு இருந்தால், அந்தத் தாளத்தை வைத்து எந்தப் பக்கம் என்று ஊகிக்க முயல்கிற தாக்குதல்கள் உண்டு. டாரின் பொட்டலங்கள் எல்லாம் ஒரே அளவு என்பது கொஞ்சம் காக்கும், முழுதாகக் காக்காது.

சின்ன பக்கம் என்பது இதில் குற்றவாளி இல்லை, ஒன்றுக்கொன்று மாறுபட்ட அளவுதான் பிரச்சனை. பக்கங்கள் எல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவில், ஒரே எண்ணிக்கைக் கோப்புகளோடு இருந்தால் பிரித்தறிவது கடினம். நாங்கள் கட்டுரைகளை ஒரே நீளத் துண்டுகளாகப் பிரித்து, குறைகிற இடத்தில் பார்வைக்குத் தெரியாத வெற்று எழுத்தைச் சேர்த்து அளவைச் சமன் செய்கிறோம். ஜிசிப் அதை மறுபடி சுருக்கிவிடும் என்பதால் சேர்க்கும் எழுத்து தாறுமாறாக இருக்க வேண்டும், சுருக்கிய பிறகுதான் அளவு பார்க்க வேண்டும்.

ஆளுங்க அனுப்பற வீடியோ பாதியில நின்னு போகுது, எழுதின புகாரும் சேர்ந்து போயிடுது. என்ன பண்றது?

இதுதான் எனக்கு மனசு வலிக்கிற பிரச்சனை. ஒருத்தர் நாலு நாள் யோசித்து, வீட்டில் எல்லாரும் தூங்கின பிறகு எழுதி, கடைசியில் அனுப்பு என்று அழுத்தினால் வெள்ளைத் திரை வருகிறது. மறுபடி எழுத எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்?

எழுத்தையும் கோப்பையும் இரண்டு படியாகப் பிரியுங்கள். முதல் படிவத்தில் எழுத்து மட்டும், அழுத்தியதும் சேமித்து ஒரு ரகசிய எண் கொடுத்துவிடுங்கள். சில கேபிதான், நொடியில் போய்விடும். அடுத்த பக்கத்தில் 'படமோ வீடியோவோ இருந்தால் இங்கே சேருங்கள், இப்போது முடியாவிட்டால் இந்த எண்ணோடு பிறகு வாருங்கள்' என்று கேளுங்கள். சர்வரில் என்ஜின்எக்ஸ் என்ற வெப் சர்வர் இருந்தால் ஏற்றும் கோப்பின் வரம்பு சொல்லாமலே 1 எம்பியாக இருக்கும், அதைத் தாண்டினால் 413 என்று பிழை வரும். அதை 50 எம்பி மாதிரி உயர்த்துங்கள். அடுத்த துண்டு வரக் காத்திருக்கும் நேரமும் 60 வினாடிதான், டார் பாதை நடுவில் தடுமாறினால் அது போதாது, 300 ஆக்குங்கள். அப்புறம் ஒரு பழைய போனில், வைஃபை இல்லாமல், டார் பிரௌசரை உச்சப் பாதுகாப்பில் வைத்து நீங்களே ஒரு புகாரை முழுதாக அனுப்பிப் பாருங்கள்.